முகூர்த்தக்காலும் முப்பது மில்லி ஆம்பியரும்

சேந்தமங்கலம் ரோட்டில் கல்யாண மண்டபம் என்ற பெயரில் ஒரு சாம்ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருக்கும் உன் அப்பன், பள்ளிபாளையத்துக் காவிரிக்கரையில் தறிச்சத்தத்துக்கு நடுவே புதுக்குடித்தனம் நடத்தும் தன் ஒரே மகளுக்கு எழுதிக்கொள்வது. அம்மிணி, இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை, பெரிதாக்கி எழுதித்தான் பழக்கம். நீ வண்டியேறிப் போன நாளிலிருந்து உன் அம்மா வைக்கும் ரசத்தின் காரத்தில் கொல்லிமலைக்கே கண்ணில் தண்ணீர் வருகிறது. மண்டபத்து நாய் குரைப்பதை விட்டுவிட்டுப் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டது. எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆளில்லாத உன் அறையில் ஃபேன் நன்றாக ஓடுகிறதா என்று அடிக்கடி போய்ச் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கவரை நான் ஒட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். பசை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மாமனார் என்கிற என் அருமைச் சம்பந்திக்குப் பிரித்துப் படிக்கச் சிரமம் இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். ஊர் முழுக்கப் படித்தாலும் எனக்குச் சந்தோஷமே. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுத் தறிச்சத்தத்தில் நான் சொல்வதில் பாதி காவிரியில் விழுந்து பவானிக் கூடுதுறைக்கே எதிர்நீச்சல் போட்டுப் போய்விடுகிறது. மீதிப் பாதியை நீ "ம்" போட்டே ஓட்டிவிடுகிறாய்.

போன வாரம் நீ பேசியதிலிருந்து தொடங்குகிறேன். குசுகுசுவென்று பேசினாய். பேசும்போது கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டது.

"அப்பா, இங்க தறிச்செட்டுல டிரிப்பர் இருக்குதுங்க."

"நல்லதுதானே சாமி."

"இருக்குது. ஆனா டைரக்ட் பண்ணி வெச்சிருக்காங்க."

படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். டைரக்ட் என்றால், உயிர்காக்க மாட்டிய பெட்டியை அப்படியே சுவரில் தொங்கவிட்டுவிட்டு, அதற்குள் போய் வரவேண்டிய கரண்டை ஒரு துண்டு வயரால் வெளியே சுற்றி அனுப்பிவிடுவது. வாசலில் காவலாளியை உட்கார வைத்துவிட்டுக் கொல்லைச் சுவரை இடித்து வழிவிடுவது மாதிரி.

"யாரு சாமி பண்ணுனது?"

"மாமாதானுங்க. மழை பேஞ்சா விழுந்து விழுந்து போகுதாமா. தறி நின்னு போகுது, சரக்கு லேட்டாகுதுன்னு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு நேராக் குடுத்துட்டாங்களாமா."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"கையில மருதாணியே இன்னும் போகலைங்கப்பா. வந்ததும் வராததுமா போர்டத் தொறந்து நொட்டை சொன்னா என்ன நெனப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் போனை வைக்கப் போகிற நேரத்தில் ஒன்று சொன்னாய். "செட்டுல வேல செய்யற அக்கா ஒருத்தங்க, பஞ்சுத் தூசி ஊதற புளோவரை எடுத்தாலே கை சுருக்குங்குதுன்னு சொன்னாங்கப்பா. அதச் சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலைங்க."

ஊரையே சிரிக்க வைப்பதை ஒரு தொழிலாகவே வைத்திருக்கிற எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுருக்குதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

நம் சமஸ்தானத்துக்கு அந்தப் பெட்டி வந்த வரலாறு உனக்குத் தெரியும். உன் மாமனாருக்குத் தெரியாது. ஆகவே சொல்கிறேன். நீ எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, கோயமுத்தூரில் கட்டடங்களின் வயரிங்கைச் சோதிக்கிற வேலையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினாய். மகள் வந்திருக்கிறாளே, பக்கத்தில் உட்கார்ந்து நாலு கதை பேசுவாள் என்று பார்த்தால், டெஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தாய். நம் மண்டபம் எவ்வளவு பெரியது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு முனையில் பந்திக்கு உட்கார்ந்தவனுக்கு மறுமுனையிலிருந்து பாயசம் வருவதற்குள் மீசை நரைத்துவிடும். அப்படிப்பட்ட மண்டபத்தை நீ ஒரே காலையில் சுற்றி முடித்துச் சமையல்கட்டில் போய் நின்றாய். இரும்புக் கிரைண்டரில் டெஸ்டரை வைத்தாய். கண்ணைச் சிமிட்டியது டெஸ்டர்.

"இது எத்தன நாளா இப்படி இருக்குதுங்க?" என்று சமையல்காரரைக் கேட்டாய்.

"வாங்குன நாள்ல இருந்தே இப்படித்தான் கண்ணு. பலகை மேல நின்னுட்டா ஒண்ணும் பண்ணாது. பலகைய விட்டு எறங்குனாத்தான் கோவிச்சுக்கும்."

அன்றைக்கு மத்தியானமே என் முன்னால் வந்து நின்றாய். மண்டபத்துக்கு டிரிப்பர் போட வேண்டும் என்றாய். ஆர்.சி.சி.பி. என்று பெயரும் சொன்னாய். எனக்கு அது ஏதோ பரோட்டாக் கடைப் பெயர் மாதிரி இருந்தது.

"அதான் வரிசையா எம்.சி.பி. மாட்டியிருக்கறனே, சிப்பாய் மாதிரி நிக்குதுகளே," என்றேன்.

"அது வயரக் காப்பாத்தறதுங்கப்பா. வயரு சூடாகி எரியாம பாத்துக்கும். ஆளு செத்தா அதுக்குத் தெரியாது. ஒரு ஜீரோ வாட் பல்பு எரியற கரண்டு போதும் ஒரு ஆள முடிக்க. அத்தனூண்டு கரண்டு எம்.சி.பி.க்குக் கண்ணுலயே படாதுங்க."

"அப்ப இந்தப் பெட்டிக்கு மட்டும் எப்படிப் படும்?"

நீ சொன்ன பதிலை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். நம் ஸ்டோர் ரூமிலிருந்து கல்யாணக்காரர்களுக்கு அண்டாவும் குண்டாவும் கரண்டியும் எடுத்துக் கொடுக்கிறோம் அல்லவா? விருந்து முடிந்ததும் போனதெல்லாம் திரும்பி வந்ததா என்று எண்ணி வாங்குகிறோம். ஒரு கரண்டி குறைந்தாலும் உன் அம்மா கேட்டைச் சாத்திவிடுவாள், மாப்பிள்ளையே வந்து கெஞ்சினாலும் திறக்க மாட்டாள். இந்தப் பெட்டியும் அப்படித்தான். ஒரு வயரில் போன கரண்டு மறு வயரில் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் கொஞ்சம் கசிந்து, ஒரு மனுஷன் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய்விட்டது என்றால், கண்மூடித் திறப்பதற்குள் கேட்டைச் சாத்திவிடும். முப்பது மில்லி ஆம்பியர் குறைவதற்குள் சாத்த வேண்டும் என்பது ஆளைக் காக்கிற பெட்டிக்கு உள்ள கணக்கு.

இந்த விளக்கத்தைக் கேட்டதும் உன் அம்மாவுக்கு அந்தப் பெட்டி மேல் தனி மரியாதை வந்துவிட்டது. நான் அதற்குத் திவான் என்று பெயர் சூட்டினேன். சமஸ்தானம் என்று இருந்தால் திவான் வேண்டாமா? கணக்கில் கறார், பேச்சில் சிக்கனம். ஆயுசுக்கும் ஒரே வார்த்தைதான் பேசுவார். டக்.

ஒரு திவான் போதும் என்று நான் நினைத்தேன். நீ விடவில்லை. சமையல்கட்டுக்கு ஒருவர், தண்ணீர் மோட்டாருக்கு ஒருவர், கை கழுவுகிற இடத்துக்கும் குளியலறை கீசருக்கும் ஒருவர், மேடைப் பக்கத்து பிளக்குகளுக்கு ஒருவர், வாசலில் லைட் செட்டுக்காரர்கள் வந்து மாட்டுகிற பிளக்குகளுக்கு ஒருவர் என்று ஒரு மந்திரிசபையே அமைத்தாய். "ஒரே பெட்டி போட்டா, கிரைண்டர்ல கசிஞ்சா மேடையும் இருட்டாயிரும். தாலி கட்டற நேரத்துல மாப்பிள்ளை யாரு கழுத்துல கட்டுவாருன்னு தெரியாதுங்கப்பா" என்றாய். நியாயம்தான்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். அடடா, அது என்ன கல்யாணம். வாசலில் போட்ட வெளிச்சத்தைப் பார்த்துச் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளில் கோழிகள் விடிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி முட்டை போட்டன. லாரிக்காரர்கள் பெங்களூரு வந்துவிட்டது என்று எண்ணிச் சரக்கை இறக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு வெளிச்சம். முதல் நாள் சாயங்காலம் முகூர்த்தக்கால் சீர். நம் பக்கத்து வழக்கப்படி பால்மரக் கொம்பு வெட்டி வந்து, மஞ்சள் துணி கட்டி, மாவிலை செருகி, வாசலில் நான் இதற்கென்றே விட்டு வைத்திருக்கும் மண்குழியில் நட்டார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருவராகச் செம்பில் பாலும் தண்ணீரும் கலந்து கொம்புக்கு ஊற்ற வேண்டும். சடங்கை முன்னின்று நடத்துகிற அருமைக்காரப் பெரியவர் சொல்லச் சொல்ல, உன் பெரியம்மா முதல் செம்பை ஊற்றினாள்.

டக்.

வாசல் வளைவு, செயற்கை நீரூற்று, கொம்பைச் சுற்றிய சீரியல் பல்பு, எல்லாம் அணைந்தன. திவான் பேசிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் விசையை நிமிர்த்திவிட்டேன். எரிந்தது. உன் சின்னம்மா ஊற்றினாள். டக். மறுபடி நிமிர்த்தினேன். அத்தைக்காரி ஊற்றினாள். டக். கூட்டத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு அம்மா, யாரென்று எழுதமாட்டேன், அவர் இதைப் படித்தால் அவருக்கே தெரியும், பக்கத்தில் இருந்தவர் காதில் சொல்வதுபோல ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"கொம்புக்குத் தண்ணி ஊத்த ஊத்த வெளக்கு அணையுது. இதென்ன சகுனமோ, சாமிக்குத்தான் வெளிச்சம்."

அம்மிணி, உன் அப்பன் எதற்கும் அசராதவன். காவிரி வெள்ளத்தில் பரிசல் ஓட்டியிருக்கிறேன், புலியோடு பீடி பிடித்திருக்கிறேன், உன் அம்மாவிடம் பத்து மாதம் பொய் சொல்லி மறைத்த சீட்டாட்டத்தை ஒரே நாளில் ஒத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு பேச்சு என்னை அசைத்துப் போட்டது. மகள் கல்யாணத்தில் அபசகுனம் என்ற வார்த்தை ஒருமுறை விழுந்துவிட்டால், நாளைக்கு உனக்குத் தலைவலி வந்தாலும், பாலில் ஆடை கட்டாவிட்டாலும் அந்த விளக்கைத்தான் சொல்வார்கள். அந்தச் சொல் உன்னோடு பள்ளிபாளையம் வரைக்கும் வந்து உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்போதுதான் என் சம்பந்தி முன்னால் வந்தார். சம்பந்தி, இந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

"என்னங்க சம்பந்தி, ஒரு பெட்டிக்காக நல்ல காரியத்த நிறுத்தறதா? டைரக்டாக் குடுத்துப்போடச் சொல்லுங்க. சீர் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

லைட் செட்டுக்காரர் துண்டு வயரோடு தயாராக நின்றார். அவர் தொழிலில் அது பேனா மாதிரி, எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நானும் தலையாட்டப் போனேன் என்பதை உன்னிடம் மறைக்கவில்லை. பாதி ஆட்டியும்விட்டேன். மீதிப் பாதியை ஆட்டுவதற்குள் மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. பட்டுச்சேலையும் பாதி வைத்த பூவும், ஒரு கையில் மட்டும் வளையலுமாக நீ இறங்கி வந்தாய். மறுகையில் டெஸ்டர்.

"அந்த வயர யாராச்சும் போர்டுல வெச்சீங்கன்னா நான் நாளைக்கு மணவறைக்கு வரமாட்டனுங்க."

பெண்கள் எல்லாரும் மோவாயில் கை வைத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பின்னால் நின்று புன்னகைத்ததை நான் பார்த்தேன். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"கோவிச்சுக்காதீங்க மாமா. பெட்டி சும்மா விழுகாதுங்க. எங்கயோ கசியறத சொல்லுது. எங்கன்னு பாத்துட்டா சரியாப் போயிரும். அதுக்குள்ள ஆளுக்கு ஒரு காபி குடிங்க," என்று சம்பந்தியைப் பார்த்துச் சொன்னாய். பிறகு வாசல் பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கினாய். திவானை நிமிர்த்தினாய். ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னாய். வளைவு எரிந்தது, திவான் பேசவில்லை. நீரூற்று ஓடியது, திவான் பேசவில்லை. மூன்று செம்புத் தண்ணீரில் ஊறிப்போயிருந்த கொம்பைச் சுற்றிய சீரியலை மாட்டினார்கள். டக்.

சீரியலைப் பிடுங்கிவிட்டு, நீயே கொம்பின் மஞ்சள் துணியை விலக்கிப் பார்த்தாய். மாவிலைக்கு அடியில், பல்பு வயரை ஒட்டுப்போட்ட இடம். பேருக்கு ஒரு சுற்று டேப். அதுவும் பிரிந்து, உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த ஒட்டு நனைந்து, ஈரக் கொம்பு வழியாகக் கரண்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. பச்சைக் கொம்பு, ஈர மண், அதைச் சுற்றி வெறுங்காலோடு நிற்கிற சுமங்கலிகள். கொம்பைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்பது நம் முறை.

அடுத்ததாகச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உன் மாமியார்.

சம்பந்தி அந்த ஒட்டையும் பார்த்தார், தன் வீட்டம்மாவின் வெறுங்காலையும் பார்த்தார். கையிலிருந்த காபியைக் கீழே வைத்தார்.  பயத்தை மறைக்கத்தான் வாயைத் திறந்தார்.

"எங்கூட்டுக்காரியத் தொட்டிருந்தா கரண்டுதானுங்க செத்திருக்கும்."

"அதனாலதான் இத்தன வருசமா நீங்க செத்துச் செத்துப் பொழைக்கறீங்களா?" என்றார் உன் மாமியார், செம்பைக் கீழே வைக்காமலே.

வாசலே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அருமைக்காரப் பெரியவர் அந்த முணுமுணுத்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "வெளக்கு அணஞ்சது கெட்ட சகுனமில்லீங்க தாயி. அணையாம இருந்திருந்தாத்தான் கெட்டது. வர்ற மருமக மாமியாரக் காப்பாத்திப்போட்டுத்தான் ஊட்டுக்குள்ளயே வாரா. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?" சீரியல் இல்லாத கொம்புக்கு உன் மாமியார் பாலும் தண்ணீரும் ஊற்றினார். அதற்குப் பிறகு திவான் கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அபசகுனம் என்ற வார்த்தையும் நம் வாசலைத் தாண்டிப் போகவில்லை.

அப்படிப்பட்டவரா தன் செட்டில் டைரக்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று நீ ஆச்சரியப்படலாம். எனக்கு ஆச்சரியமில்லை. மனுஷன் மனசு அப்படித்தான் பங்கு பிரிக்கும். மண்டபம் என்றால் ஆயிரம் பேர் வருகிற இடம், அங்கே வேண்டும். நம் செட்டில் இருப்பது பழகிய எட்டுப் பேர், அவர்களுக்கு எந்த மெஷின் எப்படிக் கோபித்துக்கொள்ளும் என்று தெரியும் என்று நினைத்திருப்பார். நம் சமையல்காரரும் அதைத்தானே சொன்னார்? பலகை மேல் நின்றுகொண்டால் போதும் என்று. பழகிப்போன மெஷின் பழகிப்போனவர்களைக் கடிக்காது என்று எந்தத் திவானும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

நிச்சயத்துக்கு நான் அங்கே வந்தபோது சம்பந்தி எனக்குச் செட்டைச் சுற்றிக் காட்டினார். என் மனக்கண்ணில் இப்போது மறுபடி சுற்றுகிறேன், நீயும் கூட வா. வியாபார இடத்தில் எங்கே திவான் வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே, ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல உனக்குத் திருப்பிச் சொல்லப் போகிறேன். அப்பன் என்ற பதவியில் இருக்கிற ஒரே சுகம் இதுதான். இடம் பெரிதா சிறிதா, எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம். கை எதைத் தொடுகிறது, கால் எதில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தூசி ஊதுகிற புளோவர் இருக்கிறதே, கையில் பிடிக்கிற சாமான், தரையில் இழுபடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து ஓடுகிறது, வயர் தறிக்காலில் உரசுகிறது. கையில் பிடித்து ஓட்டுகிற எதுவும், வேலைக்காரர்கள் போனை சார்ஜ் போடுகிற பிளக் உட்பட, முப்பது மில்லி திவானுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அந்த அக்கா கை சுருக்கென்றது அங்கேதான். அதை இன்றைக்கே ஓரமாக வைக்கச் சொல். பெட்டி வருகிறவரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். டீ போடுகிற மூலை, கை கழுவுகிற தொட்டி, போர்வெல் மோட்டார், வெளிச்சுவரில் மழையில் நனைகிற விளக்கு. ஈரமும் வெட்டவெளியும் சேருகிற இடமெல்லாம் அதே முப்பது மில்லி சட்டத்துக்குள்தான் வரும். தறிகளுக்கு மெயின் பக்கம் இன்னொரு பெரிய திவான் வேண்டும். அவர் கொஞ்சம் பொறுமைக்காரர், நூறோ முந்நூறோ மில்லி வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அவரால் ஆளைக் காக்க முடியாது, ஆனால் எங்கோ கசிந்து கசிந்து பஞ்சுத் தூசியில் தீப்பிடிப்பதை நிறுத்துவார். உங்கள் செட்டில் பறக்கிற பஞ்சுக்கு ஒரு பொறி விழுந்தால் ஈரோட்டுக்காரன் அந்தக் கரையிலிருந்தே பீடி பற்றவைத்துக்கொள்ளலாம். எந்த மோட்டாருக்கு எந்த வகை என்பதை லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துப் பார்த்து மாட்ட வேண்டும், எர்த் கம்பி உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், எர்த் இல்லாமல் திவான் மட்டும் போதும் என்று விட்டுவிடக் கூடாது என்று நீதான் சொன்னாய். தீயணைக்கிற பம்பு மாதிரி எந்த நேரத்திலும் நிற்கக் கூடாத சாமானுக்கு யோசிக்காமல் இதை மாட்டிவிடக் கூடாது என்றும் நீதான் சொன்னாய். திவானும் சர்வ வல்லவர் இல்லை. இரண்டு வயரையும் இரண்டு கையில் ஒருவன் பிடித்துக்கொண்டால், போனது திரும்பி வந்துவிட்டது, கணக்கு சரி என்று சும்மா இருந்துவிடுவார். ஆகவே அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் யாரும் வயரோடு விளையாட வேண்டாம்.

மழை பெய்தால் விழுகிறது என்பதுதான் சம்பந்தியின் குறை. நியாயமான குறை. ஆனால் முகூர்த்தக்கால் கதையும் அதுதானே? தண்ணீர் ஊற்றும்போது விழுந்தது. உங்கள் செட்டில் வெளிச்சுவரில் ஏதோ ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று என் மூக்கு சொல்கிறது. என் மூக்கின் புகழ் சேலம் வரைக்கும் பரவியது. அதைக் கண்டுபிடித்து மூடிவிட்டு, தறிக்கு ஒன்று, பிளக்குகளுக்கு ஒன்று என்று பிரித்துப்போட்டால், மழையும் பெய்யும், தறியும் ஓடும். பெட்டியின் வாயைக் கட்டியதால் கசிவு நின்றுவிடவில்லை. இன்றைக்கும் மழை பெய்தால் கசிகிறது, நமக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

இத்தனையும் நீ அங்கே சொல்ல வேண்டியது. மருதாணி போகவில்லை என்றாய். அன்றைக்கு மாடிப்படியில் இறங்கி வந்தபோது மருதாணி காயக்கூட இல்லை, அம்மிணி. இருநூறு பேர் முன்னால், பாதி அலங்காரத்தில், கல்யாணமே நின்றுபோகும் என்று தெரிந்துதான் பேசினாய். அன்றைக்கு உன் மாமியாருக்காகப் பேசிய வாய், புளோவர் பிடிக்கிற அந்த அக்காவுக்காகப் பேசக் கூசலாமா? நீ நல்ல மருமகளாக இரு, நான் வேண்டாமென்று சொல்லவில்லை. காபி ஆற்றிக் கொடு, பெரியவர்கள் வந்தால் எழுந்து நில். அதோடு போர்டையும் திற. உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பும்போது நான் கொடுத்த சாமான்களில் விலை போடமுடியாதது உன் வாய்தான். அதை டைரக்ட் பண்ணிவிடாதே.

சரி, அப்பன் வெறும் கடிதத்தோடு நிற்பவனா? தலையாடி வருகிறது. உன்னையும் மாப்பிள்ளையையும் அழைக்க நாங்கள் சீர்த்தட்டோடு வருகிறோம். உன் அம்மா தேங்காய், பழம், பலகாரம், சேலை, வேட்டி என்று தட்டுகளை இப்போதே அடுக்கத் தொடங்கிவிட்டாள். நான் என் பங்குக்கு ஒரு தட்டு தனியாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை விரித்து, பாக்கு வைத்து, நடுவில் முப்பது மில்லி திவான்கள் சிலரையும், மெயினுக்கு ஒரு பெரிய திவானையும் வரிசையாக உட்காரவைத்து, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டு வரப்போகிறேன்.

"பொண்ணு ஊட்டுச் சீர்ல சுச்சுப் பெட்டி வெக்கற ஆளு இந்தச் சில்லாவுலயே நீங்க ஒருத்தருதான்," என்றாள் உன் அம்மா.

"சீர்ல வெச்சா வேண்டாம்னு சொல்ல முடியாதில்ல."

 உன் அம்மா எழுந்துபோய்த் தட்டை ஒரு சுற்றுப் பெரிதாக மாற்றி எடுத்து வந்தாள். அதுதான் விஷயம், சம்பந்தி. நம் பக்கத்தில் பெண் வீட்டுச் சீரை யாரும் திருப்பி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை. அதை வாங்கிப் பரணில் போட்டுவைப்பதும் முறையில்லை. மேளம் வைத்து, பள்ளிபாளையம் கடைவீதி முழுக்கச் சுற்றி, ஊரே பார்க்கக் கொண்டு வருவேன். நாதஸ்வரக்காரரிடம் சொல்லிவிட்டேன், அந்தத் தட்டு வரும்போது மட்டும் கொஞ்சம் உரக்க வாசிக்க வேண்டும் என்று.

அன்றைக்கே உனக்குத் தெரிந்த லைசென்ஸ் ஆள் ஒருவரை வரச்சொல்லி மாட்டவை. துண்டு வயரைக் கழற்றி என்னிடம் கொடு, மண்டபத்துக் கண்ணாடிப் பெட்டியில் அருங்காட்சியகம் மாதிரி வைக்கப்போகிறேன். எல்லாம் முடிந்ததும் பெரிய திவானின் மேல் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, டீக்கு விடுகிற நேரத்தில், எல்லாத் திவான்களையும் அப்படி அமுக்கிப் பார்க்க வேண்டும், விழாவிட்டால் ஆள் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். முதல் தடவை மட்டும் சம்பந்தி கையால் அமுக்கச் சொல். உன் மாமியார் பக்கத்தில் நிற்கட்டும். புளோவர் பிடிக்கிற அந்த அக்காவும் நிற்கட்டும், முன்வரிசையில்.

டக் என்று விழும். தறிகள் எல்லாம் நிற்கும். அந்தச் செட்டில் பகல் வேளையில் யாரும் கேட்டிராத ஒன்று அப்போது கேட்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காவிரி ஓடுகிற சத்தம். அதை எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் திவானை நிமிர்த்தி, பழுது பார்த்து வந்த புளோவரை அந்த அக்காவின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல். சுருக்கென்கிறதா என்று கேள். இல்லை என்று அவர் சிரித்தால், அந்தச் சிரிப்பில் நீயும் சேர்ந்துகொள்.

ஊருக்கெல்லாம் மாமன்,
உனக்கு மட்டும் அப்பன்.